ஹவில்தார் எடுத்த அளவு

கம்பம் பக்கத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு இன்னும் முப்பத்தைந்துகூட ஆகவில்லை.

சீடர் பெயர் கூடலிங்கம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு, ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாரணர் படையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். குரு, சலேத்மேரி டீச்சர். சாரணர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். பிள்ளைகளோடு சேர்ந்து தன்னையும் கூச்சப்படாமல் கைதட்டிப் பாட வைத்த அன்றைக்கே ஹவில்தார் அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டுவிட்டார்.

டீச்சரிடம் ஒரு சிக்கல் உண்டு. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

ஒரு சனிக்கிழமை காலையில் ஹவில்தார் டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நீட்டினார்.

"இதை வேற யாருக்காவது குடுத்துருங்க டீச்சர்."

டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாயில் கடித்திருந்த கிளிப்பை எடுத்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"பயலுகளுக்குத் தைரியமே இல்லாமப் போச்சு. அடுத்த வாரம் முகாம். கயிறு ஏறணும், ஓடை தாண்டணும். ஒருத்தனும் தரையை விட்டுக் காலை எடுக்க மாட்டேங்குறான். முகாம்ல எங்க படை பேரை எடுத்துரச் சொல்லுங்க. நானும் ஒதுங்கிக்கிறேன்."

அந்த முகாமுக்காக அவரும் பிள்ளைகளும் ஒரு வருசமாகக் காத்துக்கிடந்தார்கள்.

"தைரியத்தை எப்படி டீச்சர் கத்துக்குடுக்கிறது?"

டீச்சர் விசிலை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போன வருசம் ஏறினானுகளா?"

"ஏறினானுகளாவா! அந்தப் பவுன்ராஜ் பயலைத் தண்ணித் தொட்டியில இருந்து இறக்குறதுதான் எனக்கு வேலையே."

"நடுவுல என்ன நடந்துச்சு?"

"கெட்டது ஒண்ணும் நடக்கல. நல்லதுதான் நடந்துச்சு. எல்லாருக்கும் புதுப் பேண்ட் தச்சுக் குடுத்தேன்."

அந்த நல்லது புரிய வேண்டுமென்றால் முதலில் பழைய பேண்டின் கதையைக் கேட்க வேண்டும்.

போன வருசம் கடையில் ரெடிமேடாக வாங்கினார்கள். வளர்கிற பிள்ளைகள்தானே என்று எல்லாருக்கும் பெரிதாகவே பார்த்து வாங்கிவிட்டார்கள். பேண்டுக்குள் பிள்ளைகளைத் தேட வேண்டியிருந்தது. மாவட்ட அணிவகுப்பு அன்று மேலதிகாரி ஒருவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பவுன்ராஜ் வலக்கையால் சல்யூட் வைத்தான். இடக்கையால் பேண்டைப் பிடித்திருந்தான். சாரணர்கள் கைகுலுக்குவது இடக்கையால்தான். அதிகாரி பாசமாகத் தன் இடக்கையை நீட்டினார். மரியாதை தெரிந்த பிள்ளை பவுன்ராஜ். தன் இடக்கையைக் கொடுத்துவிட்டான்.

மைதானமே சிரித்தது. ஹவில்தாரின் மானம் கப்பலேறியது.

இந்த வருசம் பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையாக அளவெடுக்க இறங்கினார். விசில் அடித்தார். "அட்டென்ஷன்!" பிள்ளைகள் விறைத்தார்கள். வயிற்றை எக்கினார்கள். மூச்சுகூட விடவில்லை. ஹவில்தாரே டேப்பைப் பிடித்து இடுப்பு, தொடை, உயரம் என்று ஒவ்வொருவனையும் அளந்தார். நெளிந்தவனுக்கு ஒரு அதட்டல் போட்டார்.

"வளர்ற பசங்க சார். உள்பக்கமா மடிச்சுக் கொஞ்சம் துணி விட்டுத் தைக்கட்டுமா?" என்று தையல்காரர் கேட்டார்.

"சொன்ன அளவுல தைங்க. என் படையில ஒரு சுருக்கம் தெரியக் கூடாது."

தனக்கும் அதே துணியில், அதே விறைப்பில் ஒன்று தைத்துக்கொண்டார். மிஞ்சிய துணியை ஷூ துடைப்பதற்கு வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்.

பேண்ட் அவ்வளவு அழகாக அமைந்தது. அதைவிட அழகு, பிள்ளைகளிடம் வந்த ஒழுக்கம். ஓட்டம் நின்றது. குதியாட்டம் நின்றது. வாலில்லாக் குரங்குகளெல்லாம் பெட்டிப் பாம்பாகிவிட்டன. தலைமையாசிரியர் கூப்பிட்டுப் பாராட்டினார். ஹவில்தாருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்புறம்தான் கயிற்றைக் கட்டிவிட்டு ஏறச் சொன்னார். ஒருவனுக்கு வயிற்றுவலி. ஒருவனுக்குத் தலைச்சுற்றல். பவுன்ராஜ் கயிற்றை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, "இன்னிக்கு வேணாம் சார்" என்றான். தினமும் அதையே சொன்னான்.

"இவ்வளவுதான் டீச்சர். நான் என்ன தப்பு பண்ணேன்?"

டீச்சர் கடைசிச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார்.

"வாங்கண்ணே, போய்ப் பிள்ளைகளைப் பார்ப்போம்."

மைதானத்தில் பிள்ளைகள் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். முதுகு சுவரில், பார்வை நேராக. டீச்சர் அந்த வரிசையைப் பார்த்தபடி நடந்தார். அவர் பக்கவாட்டில் வந்தபோது ஒவ்வொருவனும் சுவரோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டான். டீச்சரின் உதடு லேசாகத் துடித்தது. அது சிரிப்பை அடக்குகிற துடிப்பு என்று ஹவில்தாருக்குத் தெரியவில்லை.

"ஒரு டீ போட்டுக் குடிப்போமாண்ணே? மூணு கல்லை வச்சு அடுப்புப் பத்த வைங்க."

"பயலுகளை விட்டுப் பத்த வைக்கச் சொல்றேன்."

"இல்ல. நீங்களே."

குரு சொன்னால் மறுபேச்சு கிடையாது. கற்களை வைத்தார். சுள்ளிகளை அடுக்கினார். இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்து தீக்குச்சியைக் காட்டினார். அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. மைதானத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றே பழகிய உடம்பு.

"குத்தவச்சு உட்காருங்கண்ணே. ஊதினாத்தான பத்தும்."

ஹவில்தார் உட்கார்ந்தார்.

டர்ர்ர்.

சத்தம் மைதானத்தின் அந்த மூலை வரைக்கும் போயிற்று. அடுப்பு பற்றவில்லை. ஹவில்தாரின் காது இரண்டும் பற்றிக்கொண்டன. எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. பிள்ளைகளில் ஒருவன்கூடச் சிரிக்கவில்லை.

வரிசையிலிருந்து பவுன்ராஜ் ஓடி வந்தான். கழுத்தில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைக் கழற்றினான். ஹவில்தாரின் இடுப்புக்குப் பின்பக்கமாகச் சுற்றி, அவர் சொல்லிக்கொடுத்த முடிச்சையே போட்டு இறுக்கினான். ஒன்று போதவில்லை. இன்னொருவன் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"வருத்தப்படாதீங்க சார். எங்களுக்கும் இப்படித்தான்" என்று சொல்லிப் பவுன்ராஜ் திரும்பி நின்றான்.

அவன் பேண்டின் பின்பக்கம் வரிசையாக ஊக்குகள் மின்னின. சுவரோரம் நின்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருவனுடையதில் வெள்ளை நூலால் கோணல்மாணலாகத் தையல். ஒருவன் உள்ளே கைக்குட்டையைச் செருகியிருந்தான். ஒரு புத்திசாலி, முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருந்தான். எல்லாருக்கும் கணுக்கால் வேறு வெளியே தெரிந்தது. பள்ளி திறந்தபோது எடுத்த அளவை அவர்கள் எப்போதோ தாண்டி வளர்ந்துவிட்டிருந்தார்கள்.

ஹவில்தார் ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏன்டா, ஒருத்தனாவது சொல்லக் கூடாதா?"

பவுன்ராஜ் தரையைப் பார்த்தான்.

"நீங்க அவ்வளவு ஆசையா தச்சுக் குடுத்தீங்க சார். கிழிஞ்சிருச்சுன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..."

ஹவில்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளத் தெரியாமல் சிரித்தார். அவர் சிரித்ததும் படை முழுக்கச் சிரித்தது. எதையும் மறைக்க வேண்டாம் என்று ஆனபிறகு யார் சுவரோரம் நிற்பார்கள்? பவுன்ராஜ் ஊக்குகளோடு கயிற்றில் தாவி ஏறினான். பிளாஸ்டர்க்காரன் அவனுக்குக் கீழே தொற்றிக்கொண்டான். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒவ்வொன்றாக ஊக்கு தெறித்தது. யாரும் கவலைப்படவில்லை.

டீச்சர் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இரண்டு ஊது ஊதினார். பற்றிக்கொண்டது.

ஹவில்தார் பக்கத்தில் வந்து, ஸ்கார்ஃபை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முகாமுக்குப் போறோம் டீச்சர். பேரை எடுக்க வேணாம்."

"சரிண்ணே."

"ஷூ துடைக்க வச்சிருக்கிற துணி வீட்ல மூட்டையாக் கிடக்கு. கவட்டுல ஒட்டுப் போட்டு, கீழயும் கொஞ்சம் இறக்கிரலாம். ரெண்டு நாள் வேலை."

"செய்யலாம்ண்ணே."

"ஆனா எவ்வளவு விடுறதுன்னுதான் தெரியல. நிறைய விட்டா போன வருசம் மாதிரி கழண்டு விழும். கம்மியா விட்டா இந்த வருசம் மாதிரி கிழியும். வளர்ற பிள்ளைக்கு எது டீச்சர் சரியான அளவு?"

டீச்சர் கொதிக்கிற தண்ணீரில் டீத்தூளைப் போட்டார். பதில் வரவில்லை. வராது என்று ஹவில்தாருக்கும் தெரியும்.

கயிற்றின் உச்சியில் பவுன்ராஜ் தலைகீழாகத் தொங்கினான். கீழே இருவர் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் சுவர்மேல் கால் பரப்பி உட்கார்ந்திருந்தான். தண்ணீர்த் தொட்டிமேல் யாரோ ஏறிவிட்ட சத்தம் கேட்டது. பழைய சத்தம். ஹவில்தாருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார்.

"இப்பவே புதுசா அளந்துருவோம். விசிலைக் குடுங்க டீச்சர், எல்லாரையும் வரிசையில நிறுத்துறேன்."

டீச்சர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்ல அளந்துட்டு வாங்கண்ணே, அப்புறம் தர்றேன்."