தலையையும் வாலையும் தைத்துக்கொண்ட சுருளி

அந்தக் காலத்தில், உயிரணுவுக்குள் கிடக்கும் துணுக்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மனித மூளையின் ஓர் உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. இழைகள் தூது போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு இழைக்கும் முன்னால் தலை, அதில் வாய், பின்னால் வால். தூது சொல்லும்வரைதான் மரியாதை. சொல்லி முடித்ததும் கொறிப்பான் என்ற காவல்காரன் வால் நுனியில் தொடங்கித் தலை வரைக்கும் தின்றுவிடுவான். நடுவில் கடிக்க அந்த மடையனுக்குத் தெரியாது.

யாரைப் பார்த்தாலும் அவனுக்குச் சந்தேகம். போதாததற்கு வாய்ப்பூட்டுகள் என்ற பொடிசுகளை வாசலில் நிறுத்தியிருந்தான். சந்தேகப்பட்ட இழையின்மேல் அவை ஒட்டிக்கொண்டால் தூது அதோடு சரி.

ஒருநாள் அஞ்சலை என்ற இழை கிளம்ப வேண்டியிருந்தது. பக்கத்து அணுவோடு கைகோக்கச் சொல்லும் தூது அவளிடம் இருந்தது. அது போய்ச் சேராவிட்டால் அவர்கள் இருந்த அணு தனித்து வாடிப்போகும். வாசலிலோ வாய்ப்பூட்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

அவள் அண்ணன் சுருளி, இழைகளை வெட்டி ஒட்டும் தையல்காரரிடம் ஓடினான்.

"என் வாலைத் தலையோட சேத்துத் தைச்சிடுங்க."

தையல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குடா? உள்ள எதையாவது ஒளிச்சுக் கொண்டுபோறியா?"

"இல்லீங்க. என்னைப் பாத்தா அதுங்களுக்குச் சந்தேகம் வரணும். அந்தச் சாக்குல தங்கச்சி போயிடுவா."

"வாய் மூடிக்கும். அப்புறம் ஒரு வார்த்தை பேச முடியாது."

"தைங்க."

வளையமாக உருண்டு வந்தவனைக் கண்டதும், இவன்தான் பெரிய சதிகாரன் என்று வாய்ப்பூட்டுகள் மொத்தமும் அவன்மேல் அப்பிக்கொண்டன. கொறிப்பான் வால் நுனியைத் தேடி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அஞ்சலை நின்று பார்த்தாள். "ஏண்ணே, எல்லாரையும் தின்னுறவன் உன்னை மட்டும் ஏன் கடிக்கல? அதுங்க உன்கூட இப்படி ஒட்டிக்கிட்டு நிக்குது. நீயும் அவங்க ஆளா?"

சுருளியின் வாய்தான் தைத்துக் கிடந்ததே. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தூதைச் சொன்னாள், அணு பக்கத்து அணுவுக்குக் கை நீட்டியது. அடுத்த நொடி கொறிப்பான் அவள் வாலைப் பிடித்தான். அண்ணனைத் துரோகி என்று நினைத்துக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அன்று முதல்தான், அவனைப்போலத் தைத்துக்கொண்ட வளைய ஆர்.என்.ஏ.க்கள் மனித மூளையில் ஏராளமாகக் கிடக்கின்றன. நீங்கள் யாருடைய ஆள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எத்தனை முறை கேட்டாலும், அவை தங்களுக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை.