ஊமத்தம்பட்டியில் விழுந்த ஒரே ஓட்டு

ஊமத்தம்பட்டிக்காரர்களைப் பற்றிப் பக்கத்து ஊர்களில் சொல்வதெல்லாம் பொய். நான் நேரில் போய்ப் பார்த்தவன். உண்மை அதைவிட மோசம். மற்றபடி தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்துவிடுவார்கள். அந்த ஊருக்கு வந்த கெடுதல் எல்லாம் அதனால் வந்ததுதான்.

போன சட்டசபைத் தேர்தலில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து பூத்தில் ஒரு ஓட்டுகூட விழவில்லை. புறக்கணிப்பு, மக்களின் கொந்தளிப்பு என்று பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளினார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரர், "எல்லாரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் நில்லுங்க" என்று சொல்லிவிட்டார். முதல் ஆளாக நின்றவர் ஊர்த்தலைவர் கோம்பையன். முன்னால் பார்த்தார், யாரும் இல்லை. சட்டத்தை மீறிவிட்டோமே என்று பதறி, ஓடிப்போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். இப்போது முதலில் நின்றவருக்கும் அதே சங்கடம். அவரும் ஓடினார். இப்படியே வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைந்து, தலையும் வாலும் ஒட்டிக்கொண்ட பிறகுதான் ஊருக்கு நிம்மதி வந்தது. சாயங்காலம் பூத்தை மூடும் வரைக்கும் தள்ளுமுள்ளு இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கான வரிசையை அந்தப் போலீஸ்காரர் தன் சர்வீஸில் பார்த்ததில்லையாம்.

இந்தத் தடவை தேர்தலுக்கு முன்பாகவே தேன்மொழி டீச்சர் ஊருக்கு வந்தார். அங்கன்வாடி டீச்சர். வாக்காளர் பெயர் சேர்க்கும் வேலையையும் அரசாங்கம் அவர் தலையில் கட்டியிருந்தது.

"இந்த வாட்டியும் ஒரு ஓட்டும் விழலைன்னா, பூத்தைத் தூக்கி ஓடைக்கு அந்தாண்ட கல்லுமேட்டுல வச்சிருவாங்க. ஒண்ணே ஒண்ணு விழுந்தாக்கூடப் போதும், எப்படியாவது பேசிக் காப்பாத்திரலாம்" என்றார் டீச்சர்.

 கூட்டத்தில் இட்லிக்கடை குருவம்மா கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிப்போனவள்.

"ஓடையில இறங்கி ஏற என்னால ஆகாது டீச்சர். நாப்பது வயசாச்சு, எம்பேரு இன்னும் எந்தப் பட்டியல்லயும் ஏறல. இந்த வாட்டி பேரைச் சேத்து, ஒரு ஓட்டாவது போட்டுரணும்னு இருந்தேன். பூத்து போயிருச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களுக்கும் கலங்கியது. எனக்கும்தான்.

"நீ அழாத குருவு. டீச்சர் சொல்றதை ஒண்ணு விடாமச் செய்வோம்" என்றார் கோம்பையன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பட்டியலையே புதிதாகப் போடுவதால், பெயர் சேர்க்க எல்லாருக்கும் போட்டோ வேண்டும் என்றார் டீச்சர். "முகம் மட்டும்தான் தெரியணும். கழுத்துக்குக் கீழ வரக் கூடாது." மறுநாள் டவுனிலிருந்து கேமராவோடு வந்த போட்டோக்காரர் ஓடை மணலில் கால் வைத்தவுடன் அலறிவிட்டார். ஊர் மொத்தமும் கழுத்து வரை மணலுக்குள் புதைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தது. போட்டோ நன்றாகத்தான் வந்தது. ஓடைக்கு வர முடியாத குருவம்மாவைக் கடை வாசலிலேயே எடுத்தார்கள். எல்லாரையும் புதைத்துவிட்ட பட்டாணி என்ற இளவட்டத்தைப் புதைக்க ஆள் இல்லாததால் அவன் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

குடியிருப்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார் டீச்சர். ஒண்டிமுத்து தன் வீட்டுக் கதவைக் கழற்றித் தலையில் சுமந்துகொண்டு வந்தான்.

"இது எதுக்குப்பா?"

"எம் பேரு இதுலதான் எழுதியிருக்கு டீச்சர். வேற யாரு வீட்டுக் கதவுல எழுதுவாங்க?"

டீச்சர் கதவில் இருந்த பெயரைப் பார்த்து எழுதிக்கொண்டார். கதவு இல்லாத வீட்டுக்குள் ஆடுகள் புகுந்து ஒரு மூட்டை கேழ்வரகைத் தின்றுவிட்டன. எதையோ ஒட்டி, எப்படியோ கெஞ்சி, டீச்சர் எல்லார் பெயரையும் சேர்த்துவிட்டார். குருவம்மாவின் பெயரும் ஏறியது. வாக்காளர் அட்டை வந்த அன்று அவள் கடையில் இட்லி இலவசம்.

கடைசியாக டீச்சர் சொன்னார்: "தேர்தல் அன்னைக்குத் தடுமாறாம இருக்கணும். முன்னாடியே ஒருதடவை ஒத்திகை பாத்துக்குங்க. வரிசையில முதல் ஆளுக்கு முன்னால யாரும் இருக்க வேண்டியதில்லை. யாருக்குப் போடுறீங்கன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

"எதையும் விட்டுறாம பாத்துர்றோம்" என்று கோம்பையன் வாக்குக் கொடுத்தார். வாக்குத் தவறவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. பள்ளிக்கூடத்துக்குள் சேலை கட்டி மறைப்பு செய்தார்கள். மெஷினுக்குப் பதில் ஒரு கள்ளிப்பெட்டி. பட்டனை அமுக்கினால் 'பீ' என்று சத்தம் வரவேண்டுமே, அதற்குப் பெட்டிக்குப் பின்னால் பட்டாணி. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நேரத்தில் ஒண்டிமுத்து கேட்டான்:

"மை?"

கோம்பையன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"பேனா மை வைக்கலாமா?"

"அது கழுவினாப் போயிருமே. போகாத மைதான மை."

துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டைச் சாறு கொண்டுவரப்பட்டது. துணி நைந்துபோனாலும் குறி போகாது. உட்கார்ந்த இடத்திலிருந்து செய்கிற வேலை என்பதால் குருவம்மாவை மேஜையில் உட்கார வைத்தார்கள். அவள் ஈர்க்குச்சியால் தொட்டு, ஒவ்வொருவர் இடக்கை ஆள்காட்டி விரலிலும் கரேலென்று கோடு இழுத்தாள். விரல் எரிந்தது. கடமை என்றால் எரியத்தான் செய்யும் என்று பொறுத்துக்கொண்டார்கள்.

தேர்தல் அன்று காலையில் வரிசை அற்புதமாக நின்றது. முதல் ஆள் முதலிலேயே நின்றார். அவரே கோம்பையன். உள்ளே போய்க் கையை நீட்டினார். வெளியூரிலிருந்து வந்திருந்த அதிகாரி விரலைப் பார்த்தார்.

"நீங்க ஏற்கெனவே ஓட்டுப் போட்டாச்சே!"

"ஆமா சார்."

"எங்க போட்டீங்க?"

"இங்கதான் சார். இதே ரூம்ல. ஞாயித்துக்கிழமை."

அதிகாரிக்கு வேர்த்துவிட்டது. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் விரலிலும் மை. அதற்கடுத்தவர் விரலிலும் மை. "மை இருந்தா விட முடியாது, வெளிய போங்க" என்று கத்தினார். வெளியே மரத்தடியில் கூட்டம் கூடியது.

"மையைக் காய வச்சுச் சுரண்டினா?"

"விரலை விட்டுட்டு நாம மட்டும் உள்ள போனா?"

"அது நல்ல யோசனைதான். ஆனா விரலை யாரு பாத்துக்குவா?"

கடைசியில் ஓடை மணலில் தேய்த்தால் போகும் என்று முடிவாகி, ஊரே ஓடைக்கு ஓடியது. சாயங்காலம் வரை தேய்த்தார்கள். தோல் போனது. மை போகவில்லை.

குருவம்மாவால் ஓடைக்குப் போக முடியவில்லை. எல்லார் விரலையும் கெடுத்தது தான்தானே என்று பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து தேம்பினாள். மூடுகிற நேரம் நெருங்கியது. அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"உங்க விரலைக் காட்டுங்கம்மா."

சுத்தமான விரல். மற்றவர்களுக்கு மை வைத்தவளுக்கு மை வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"உள்ள வாங்கம்மா, சீக்கிரம்!"

குருவம்மா கட்டையை ஊன்றி உள்ளே போனாள். மை வைத்தார்கள். மறைப்புக்குள் நின்றபோது டீச்சர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. யாருக்கும் தெரியக் கூடாது. யாருக்கும் என்றால் தனக்கும்தானே? கண்களை இறுக மூடிக்கொண்டு, கைக்குப் பட்ட பட்டனை அமுக்கினாள். மெஷின் 'பீ' என்றது. பட்டாணியைவிட நன்றாகக் கத்துகிறதே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஓட்டு எண்ணிய அன்று தேன்மொழி டீச்சர் ஓடோடி வந்தார். "ஒரு ஓட்டு விழுந்திருக்கு! குடம் சின்னத்துக்கு! பூத்து இங்கயேதான் இருக்கும்!"

ஊர் ஆர்ப்பரித்தது. குருவம்மா சந்தோஷத்தில் விம்மினாள். அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது.

"நம்ம ஊரைக் காப்பாத்தின அந்த மனுஷன் யாரு?" என்றார் கோம்பையன். "எல்லாரும் விரலைக் காட்டுங்க."

காட்டினார்கள். எல்லார் விரலிலும் மை. குருவம்மா விரலிலும்தான்.

"குருவு, நீயா?"

"நான் யாருக்குப் போட்டேன்னு எனக்கே தெரியாதுண்ணே. குடத்துக்குப் போட்டவரு யாரோ? அவரு யாருன்னு தெரிஞ்சா, அவரு கால்ல விழுந்து நானே மாலை போடுவேன்."

ரகசியத்தைக் கேட்பது குற்றம். மாலை போடாமல் விடுவது நன்றி கெட்டதனம். நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவில் பெரிய ரோஜா மாலையை மேஜையில் வைத்தார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வது, அந்த ஆள் மட்டும் சத்தம் இல்லாமல் வந்து மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவது என்று ஏற்பாடு.

எல்லாரும் மூடினார்கள். குருவம்மாவும் இறுக்கி மூடிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத் திறந்து பார்த்தால், மாலை வைத்த இடத்திலேயே இருந்தது.

குருவம்மா மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தீங்களாண்ணே? எப்பேர்ப்பட்ட மனுஷன்! ஒரு மாலைக்குக்கூட ஆசைப்படல!"