தூளி கட்டக் கூடாத வீடு

இந்தக் கதையின் முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது முழிக்கக் கூடாது. விடையைக் கதைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் கண்ணில் அது படாது, அவ்வளவுதான்.

திருப்பூரில் கோகிலவாணி என்று ஒருத்தி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், அதை விட்டுவிட்டுத் தன் வீட்டு முன்கூடத்தையே குழந்தைகள் காப்பகமாக்கினாள். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை விட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து தூக்கிக்கொள்வார்கள். முறையாக உரிமத்துக்கும் எழுதிப் போட்டிருந்தாள். ஆளைப் பார்த்தால் திடமாகத் தெரியும், உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி. தூங்கும் பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். கேட் சத்தம் கேட்டாலே கை வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் எட்டிப் பார்ப்பாள்.

அங்கே வந்த பிள்ளைகளில் கடைக்குட்டி கனிஷ்கா. இப்போதுதான் நடை பழகுகிறாள். அவள் அம்மா முத்துமாரி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஒரு கம்பெனியில் தைக்கிறவள். முதல் நாளே தன் பழஞ்சேலை ஒன்றைக் கொடுத்து, "இதுல தூளி கட்டிப் போடுங்கக்கா, உடனே தூங்கிருவா. ஆனா துவைச்சுராதீங்க" என்றாள். நைந்த சேலை, துவைத்தால் கிழிந்துவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று கோகிலவாணி நினைத்துக்கொண்டாள். கூடத்துக் கொக்கியில் தூளியைக் கட்டினாள். நாலு ஆட்டு ஆட்டுவதற்குள் குழந்தை தூங்கிப்போனது.

சுத்தம் பார்க்கிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஒருநாள் காலையில் அந்தச் சேலைக்கு சோப்புப் போட்டு அலசி, மாடியில் காயவைத்து, மணக்க மணக்கத் தூளி கட்டினாள். அன்று பார்த்துக் குழந்தை வீல் வீலென்று அழுதது. கை ஓயும் வரை ஆட்டியும் பலிக்கவில்லை. பல் முளைக்கிற வேதனையாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். மறுநாள் முத்துமாரி வேறொரு பழஞ்சேலையைக் கொண்டுவந்தாள், குழந்தையும் தூங்கியது. பல் வெளியே வந்துவிட்டது போலும் என்று கோகிலவாணி அதோடு அதை மறந்துபோனாள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டைப் பார்வையிட அதிகாரி ரேணுகாதேவி வந்தார். சமையலறைத் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி மூடி, மாடிப்படித் தடுப்பு எல்லாவற்றையும் இழுத்தும் தட்டியும் பார்த்துத் திருப்திப்பட்டவர், தூளியைக் கண்டதும் நின்றுவிட்டார். "கொக்கி கழண்டு விழுந்த பிள்ளையை நான் கண்ணால பார்த்திருக்கேன்மா. இங்க எல்லாரும் தரையில பாய்லதான் படுக்கணும். மறுபடி வருவேன், சொல்லிட்டு வர மாட்டேன். தூளி தொங்கினா உரிமம் கிடையாது" என்றார். இனிக் கட்டமாட்டேன் என்று கோகிலவாணி வாக்குக் கொடுத்தாள். பயத்தில் மட்டும் கொடுத்ததல்ல. அவர் சொன்னதில் இருந்த நியாயம் அவளுக்கு உறைத்திருந்தது.

திங்கட்கிழமை காலையில், வழக்கமான சேலைப் பையோடு வந்த முத்துமாரியிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் செத்துவிட்டது. பிள்ளை அழுகிறது என்று கூப்பிடக் கூப்பிடப் பாதி வேலையில் ஓடித்தான் முந்தின கம்பெனியில் அவள் வேலை போனது. இந்தக் கம்பெனியிலும் சூப்பர்வைசர் முறைக்க ஆரம்பித்திருந்தார்.

"இந்த வேலையும் போச்சுன்னா ஊருக்குத்தான் போகணும்க்கா. அங்க எங்களுக்குன்னு யாரும் இல்ல" என்றாள்.

கோகிலவாணிக்கு மனசு கேட்கவில்லை. "உன்ற புள்ளை இன்னைக்கு மத்தியானம் தூங்கும். உன்னையக் கூப்பிட மாட்டேன், தைரியமாப் போ சாமி" என்று சொல்லிவிட்டாள். சொல்லி முடித்த பிறகுதான், தூளி இல்லாமல் எப்படித் தூங்கவைப்பது என்று யோசித்தாள்.

மத்தியானம் சோறூட்டி எல்லாப் பிள்ளைகளையும் பாயில் படுக்கவைத்தாள். மற்றப் பிள்ளைகளுக்குக் கண் சொக்கியது. கனிஷ்கா மட்டும் மேலே கொக்கியைக் கைகாட்டி அழுதாள். தோளில் போட்டு நடந்தும் முதுகைத் தட்டியும் அடங்கவில்லை. அந்த அழுகையில் மற்றப் பிள்ளைகளும் எழுந்து சிணுங்க ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து, வாசலில் நின்றிருந்த கணவன் தனசேகர், அதிகாரியின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்புவதைக் கண்டு உள்ளே ஓடி வந்தான்.

"தூளியக் கட்டி நாலு ஆட்டு ஆட்டு. நான் கேட்டுல நின்னு அந்தம்மாவப் பேச்சுல புடிச்சு வெக்கறேன். தூங்குனதும் அவுத்துக்கலாம்" என்றான்.

உதவிக்கு இருந்த ஜோதிமணி அதற்கு ஒப்பவில்லை. முத்துமாரிக்குப் போன் போட்டுப் பிள்ளையைத் தூக்கிப் போகச் சொல்லிவிடலாம் என்றாள். ஒருத்திக்குச் சொன்ன சொல்லைப் பார்த்து உரிமத்தை விட்டால், இங்கே பிள்ளையை விடுகிற அத்தனை பேர் பிழைப்பும் போகும் என்றாள்.

கோகிலவாணி, முத்துமாரி விட்டுப்போன பையிலிருந்து சேலையை உருவி எடுத்துவிட்டாள். ஆனால் கட்டவும் துணியவில்லை, கீழே வைக்கவும் மனம் வரவில்லை. கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன், இனி உங்கள் பாடு. தனசேகர் சொன்னது சரியா, ஜோதிமணி சொன்னது சரியா? இல்லை, கொடுத்த இரண்டு வாக்கையும் காப்பாற்ற வேறு வழி இருக்கிறதா?

விடை: இருவர் சொன்னதும் சரியில்லை. துவைத்த சேலையில் தூளி ஆடிய அன்று குழந்தை தூங்கவே இல்லையே, மறந்துவிட்டீர்களா? கோகிலவாணிக்கு அந்த நொடியில் அதுதான் ஞாபகம் வந்தது. சேலையை நாலாக மடித்துப் பாயில் விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தினாள். கனிஷ்கா அதில் கன்னத்தைத் தேய்த்தாள், ரெண்டு தரம் விசும்பினாள், அம்மாவின் வாசனையில் அப்படியே அடங்கித் தூங்கிப்போனாள். அதிகாரி உள்ளே வந்தபோது கொக்கி காலியாக இருந்தது. அவர் அண்ணாந்து அதைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார், பேசவேண்டியதைக் குரலைத் தாழ்த்திப் பேசிவிட்டுப் போனார். சாயங்காலம் முத்துமாரி மூச்சிரைக்க ஓடி வந்து, சொன்னபடியே யாரும் கூப்பிடாததை நம்ப முடியாமல், பிள்ளை தூங்கினாளா என்று பயந்து கேட்டாள். தூங்கி எழுந்த பிள்ளையை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டுக் கோகிலவாணி சொன்னாள்: "நாளைக்கும் ஒரு சேலை கொண்டா சாமி. துவைக்காம."