சுங்க அதிகாரிக்கு ஒரு வணக்கம்

உப்புப் படகுகள் வந்து நிற்கும் ஓர் ஆற்றங்கரை ஊரில் ஷென் யூ என்ற பெண் குங்ஃபூ கற்றுக்கொடுத்து வந்தாள். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடன் பாவ் ஜூவுக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் படகுக் கயிறு இழுத்து முதுகு கூனிப்போனவன்.

"சண்டையெல்லாம் வேண்டாம் குருவே. மல்லாந்து படுத்துத் தூங்கணும், அவ்வளவுதான்" என்றுதான் வந்தான்.

அவள் அவனைக் குதிரை நிலையில் நிற்கவைத்தாள். காலை அகட்டி, தொடையைத் தாழ்த்தி, முதுகை நேராக்கி, குதிரைமேல் உட்கார்ந்தவன் மாதிரி. முதல் நாள் ஐந்து மூச்சுவரைதான் தாங்கினான். மூன்றாம் வருடம் ஓர் ஊதுபத்தி எரிந்து முடியும்வரை நின்றான். மூச்சு இரைப்பது நின்றது. மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டான். "கல்யாணத்தப்போ நீ இவ்வளவு உயரம் இல்லையே" என்று அவன் மனைவி கேலி செய்தாள்.

முதுகு நிமிர்ந்ததில்தான் வம்பு வந்தது.

படகுத்துறைக்குப் புதிதாக ஒரு சுங்க அதிகாரி வந்திருந்தார். அவர் நடந்து போகும்போது கூலிகள் இடுப்பை வளைத்துத் தரையைப் பார்த்து நிற்க வேண்டும். அன்று பாவ் ஜூ பழக்கதோஷத்தில் குருவுக்குச் செய்கிற வணக்கத்தை அவருக்கும் செய்துவிட்டான். வலது கையில் முஷ்டி, அதன்மேல் விரித்த இடது உள்ளங்கை. தலை குனியக்கூடாது, கண் எதிரே நிற்பவர் மேல் இருக்க வேண்டும். என்னிடம் பலம் இருக்கிறது, உங்கள் முன்னால் அதை மூடி வைக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். அவனுக்குத் தெரிந்ததில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அதிகாரியின் கண்ணுக்கு முஷ்டி மட்டும்தான் தெரிந்தது.

"என்னையே சண்டைக்குக் கூப்பிடறியா? நாளைக் காலையில எல்லார் முன்னாடியும் உன் நெத்தி மண்ணுல படணும். இல்லேன்னா உன்னையும் சேத்து கயித்துக்காரங்க ஒன்பது பேருக்கும் இங்க வேலை கிடையாது."

பாவ் ஜூ நேராகக் குருவிடம் வந்தான். ஷென் யூ வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னான்.

"குனிஞ்சுடட்டுமா குருவே? ஒன்பது குடும்பத்துச் சோறு."

"மண்டி போடு" என்றாள்.

போட்டான்.

"நெத்தியைத் தரையில வை."

வைத்தான்.

"ஏன் வச்சே?"

"நீங்க சொன்னீங்களே."

"நாளைக்கு அவனும் சொல்லத்தானே போறான்."

எழுந்தான். முகம் சிவந்துவிட்டது.

"மறுபடி மண்டி போடு."

அவன் அசையவில்லை.

"காது கேக்கலையா?"

"கேக்குது. மாட்டேன்."

"குருவுக்கே மாட்டேனா?"

"குருவுக்கே மாட்டேன்." பயந்துதான் சொன்னான், ஆனாலும் சொல்லிவிட்டான்.

"அப்பாடா! இதைச் சொல்ல மூணு வருஷம் ஆச்சு உனக்கு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

காலையில் மற்ற எட்டுப் பேரையும் கூட்டி, "நான் குனியப் போறதில்லை. உங்க சோத்துல மண்ணைப் போடறேன், மன்னிச்சுடுங்க" என்றான். ஹூ என்கிறவன் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினான். ஹூவின் வீட்டில் நான்கு பிள்ளைகள். மற்றவர்கள் துறைக்கு நடந்தார்கள்.

துறையில் மூடாத உப்புப் படகு ஒன்று கரைக்கு இழுக்கக் காத்திருந்தது. வானம் கருத்துக்கொண்டு வந்தது.

"விழு" என்றார் அதிகாரி.

பாவ் ஜூ காலை அகட்டினான். தொடையைத் தாழ்த்தினான். முதுகை நேராக்கி அவரைப் பார்த்தபடி நின்றான்.

அதிகாரி காவலனுக்குச் சைகை காட்டினார். மூங்கில் கழி தொடையில் இறங்கியது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. பாவ் ஜூவின் கண்ணில் தண்ணீர் வந்தது, கால்கள் வெடவெடத்தன. ஆனால் முழங்கால் மண்ணைத் தொடவில்லை. மூன்றாவது அடிக்குப் பிறகு காவலன் தானாகவே கழியை இறக்கிவிட்டான்.

அப்போது முதல் தூறல் விழுந்தது.

"உப்பு! கயித்தைப் பிடிங்கடா!" என்று அதிகாரி கத்தினார்.

எட்டுப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"இது ஒன்பது பேர் கயிறுங்க" என்றான் ஹூ. "எட்டுப் பேரால இழுக்க முடியாதுங்க." குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

மழை வலுத்தது. படகின் விளிம்பு வழியாக உப்பு கரைந்து ஆற்றில் இறங்கியது. அது அரசாங்க உப்பு, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எட்டு முகங்களையும் பார்த்தார், படகைப் பார்த்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒன்பது பேருமே இழுங்க" என்றார்.

மூன்று நாள் கழித்துப் பாவ் ஜூ விந்தி விந்தி வந்து சேர்ந்தான். ஷென் யூ அவன் தொடைக்கு மூலிகை எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவன் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன?"

"வெக்கமா இருக்கு குருவே. மூணு அடி வாங்கினேன். ஒண்ணைக்கூடத் திருப்பிக் கொடுக்கலை. இதுக்கா மூணு வருஷம் கத்துக்கிட்டேன்?"

"வலிக்குதா?"

"கொஞ்சம். நேத்தே கயிறு இழுக்கப் போயிட்டேன்."

"அந்த அதிகாரி?"

"அன்னிக்குப் போய்ப் படுத்தவர்தானாம். இன்னும் வீட்டை விட்டு வெளியே வரலை."

ஷென் யூ எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள்.

"அப்போ அடிபட்டது யாருக்கு?"