பெட்டிக்குள் இருந்த யாளி

மிருகப் படக் கார்டுகளை மோதவிட்டு ஆடும் திருச்சி கார்டு கடையில் பிரசன்னாதான் சாம்பியன். புதிதாக வந்த தங்க யாளி கார்டை பிளாஸ்டிக் பெட்டியோடு தூக்கிக் காட்டினான். "எப்பேர்ப்பட்ட கார்டையும் இது சாய்ச்சிடும். இதை ஜெயிச்சா இது உனக்கே!" என்று, புதிதாக ஆட வந்த நிலோஃபரிடம் சவால் விட்டான்.

"சரிண்ணே. பெட்டியிலேர்ந்து எடுத்து உங்க கட்டோட சேர்த்துக் கலைங்க."

பிரசன்னா மூடியைத் தொட்டான். கார்டின் மூலை மடங்கினால் அதன் விலைமதிப்பே போய்விடுமே! கையை இழுத்துக்கொண்டான்.

"அப்ப இது ஆட்டத்துக்கு உதவாதுண்ணே."

கடையே சிரித்தது. பிரசன்னா யாளி இல்லாமல் ஆடித் தோற்றான். சொன்ன சொல்லுக்காகக் கார்டைக் கொடுத்தான்.

அடுத்த வாரம் நிலோஃபர் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"யாளியை இறக்க வேண்டியதுதானே?" என்றான் பிரசன்னா.

அன்று கடையையே சிரிக்க வைத்தவள் தன் பையை மடியோடு இழுத்துக்கொண்டாள். யாளி அவள் பையில்தான் இருந்தது, அதே பெட்டிக்குள்.