குளம்-குடிக்கும் விலங்கு

பாறைக்குளத்தின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. குளத்துக்கு யார் வந்தாலும் முதலில் பார்ப்பது அதுதான். பார்த்தவுடன் உரக்கக் கத்தும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மற்ற விலங்குகள் நிற்பதா, ஓடுவதா என்று முடிவு செய்யும்.

அந்தக் கோடையில் காட்டில் வேறெங்கும் தண்ணீர் இல்லை. பாறைக்குளத்திலும் முழங்கால் அளவுதான் இருந்தது. எல்லா விலங்குகளும் அங்கேயே வந்ததால், காவலுக்கு ஒரு குரல் போதவில்லை. ஆகவே ஆள்காட்டி தினமும் காலையில் குட்டிகளைக் கூட்டி வைத்து, பார்த்ததைச் சட்டென்று சொல்லப் பழக்கியது.

“முயலே, நீ சொல். புலி வருகிறது. ஆனால் அதன் பேர் உனக்குத் தெரியாது. என்ன சொல்லிக் கத்துவாய்?”

முயல்குட்டி யோசித்தது. “அத்தை, உடம்பெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கோடு போட்ட, மீசை வைத்த, பெரிய ஒருத்தர்...”

“நீ ‘ஒருத்தர்’ என்று முடிப்பதற்குள் அவர் உன்னைத் தின்று ஏப்பமே விட்டிருப்பார்!”

கீரிக்குட்டி விழுந்து விழுந்து சிரித்தது.

“இரண்டு சொல்லை ஒன்றாகக் கோத்துவிடு,” என்றது ஆள்காட்டி. “கோடு-உடம்பு! புதர்-மீசை! கேட்பவர் கண்ணில் உருவம் வந்துவிட வேண்டும். எங்கே, பார்ப்போம். தெரிந்த விலங்கு என்றால் பேரைச் சொல்லித் தப்பித்துவிடுவீர்கள். அதனால் உலகத்திலேயே இல்லாத ஒரு விலங்கைச் சொல்லுங்கள்.”

“செதில்-உடம்பு!” என்றது அணில்குட்டி.

“மீனா?” என்று கேலி செய்தது கீரிக்குட்டி.

“மீன் இல்லை, போடா! கூரை ஓடு மாதிரிப் பெரிய பெரிய செதில்!”

“அப்படியானால் நான் சொல்கிறேன். கத்தி-நகம்!”

“கயிறு-நாக்கு!” என்றது முயல்குட்டி. இந்த முறை அது யோசிக்கவே இல்லை.

“அருமை! அது என்ன செய்யும்? அதையும் சொல்ல வேண்டாமா?”

கீரிக்குட்டி பாறைமேல் ஏறி நின்றது. “குளம்-குடிக்கும் விலங்கு! ஒரே உறிஞ்சு! குளம் காலி!”

குட்டிகள் வீரிட்டுச் சிரித்தன. ஆள்காட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. “அடேயப்பா! கேட்ட எனக்கே நெஞ்சு படபடக்கிறதே!”

கீரிக்குட்டி வளைக்குப் போய் செதில், நகம், நாக்கு என்று எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னது. “குளம்-குடிக்கும் விலங்கா? யார் சொன்னது?” என்று அம்மா திடுக்கிட்டுக் கேட்டாள். “ஆள்காட்டி அத்தையே நெஞ்சு படபடக்கிறது என்றார்கள்,” என்றது குட்டி. அதற்குள் அதற்குத் தூக்கம் வந்துவிட்டது. அம்மாக் கீரி மயிலிடம் சொன்னாள். மயில் காட்டுப்பன்றியிடம் சொன்னது. காட்டுப்பன்றி காதில் விழுந்தபோது, அந்த விலங்கு பக்கத்து மலையில் இரண்டு குளங்களைக் குடித்து முடித்திருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல், மேற்குச் சரிவிலிருந்து ஓர் அழுங்கு இறங்கி வந்தது.

அழுங்குக்குப் பல்லே கிடையாது. எறும்பும் கறையானும்தான் அதன் சாப்பாடு. புற்றைத் தோண்ட நீண்ட நகம், எறும்பை நக்கி எடுக்க நீண்ட நாக்கு, எறும்பு கடிக்காமல் இருக்க உடம்பெங்கும் செதில். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதைத் தவிர அதற்கு வேறு சண்டை தெரியாது. பகலில் வெளியே தலைகாட்டாத பிராணி அது. அதனால் பாறைக்குளத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

அன்று அது பகலிலேயே வந்ததற்குக் காரணம் இருந்தது. அதன் வால்மேல் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. தாய் தண்ணீர் குடித்து நான்கு நாளாகியிருந்தது. தாகத்தில் அதன் நாக்கு நீளமாக வெளியே தொங்கியது. பால் வற்றிவிட்டது. குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

ஆள்காட்டி அதைப் பார்த்தது. பார்த்ததை அப்படியே கத்தியது.

“செதில்-உடம்பு! கத்தி-நகம்! கயிறு-நாக்கு!”

குளக்கரையே கலங்கியது.

“வந்துவிட்டது! குளம்-குடிக்கும் விலங்கு வந்துவிட்டது!” என்று அலறியது மயில்.

காட்டுப்பன்றி பாய்ந்து வழியை மறித்தது. காட்டெருதுகள் அதன் பின்னால் கொம்பைத் தாழ்த்தி நின்றன.

“ஐயா, ஒரு வாய் தண்ணீர்,” என்றது அழுங்கு. “குட்டிக்குப் பால் இல்லை. குடித்தால் சுரந்துவிடும்.”

“ஒரு வாயா? உன்னுடைய ஒரு வாய் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும்! திரும்பிப் போ!”

“நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள், ஐயா. நாக்கு நனைந்தால் போதும்.”

“அந்த நாக்கைத்தான் சொல்கிறேன்! ஓடு!”

ஆள்காட்டியின் அருகே வந்த முயல்குட்டி கிசுகிசுத்தது. “அத்தை, இது நாம் சொன்ன விலங்கு இல்லை. இதன் வாலில் குட்டி இருக்கிறது. நாம் குட்டியைச் சொல்லவே இல்லையே! நாம் சும்மாதானே சொன்னோம்?”

ஆள்காட்டிக்கும் அது தெரியும். அப்படி ஒரு விலங்கு இல்லவே இல்லை என்று கத்துவதற்கு அது வாயைத் திறந்தது.

அப்போது காட்டுப்பன்றி திரும்பிப் பார்த்தது. “ஆள்காட்டி அக்கா! நல்ல நேரத்தில் குரல் கொடுத்தீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு எங்கள் குளம் போயிருக்கும்!”

எல்லா விலங்குகளும் நன்றியோடு ஆள்காட்டியைப் பார்த்தன. இத்தனை நாள் காவல் காத்ததற்கு ஒருவரும் அதனிடம் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

ஆள்காட்டி வாயை மூடிக்கொண்டது.

“அத்தை, சொல்லுங்கள்!”

“உஷ்! பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.”

பன்றி முட்ட வந்தது. அழுங்கு குட்டியை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டது. பன்றி மூக்கால் உந்த, அந்தப் பந்து சரிவில் உருண்டு, முள்மரங்களுக்கு அப்பால் போய் நின்றது. அன்று அது மறுபடி எழுந்து குளத்துப் பக்கம் நடக்கவில்லை. இரவு முழுவதும் காட்டெருதுகள் கரையில் காவல் நின்றன.

ஆள்காட்டிக்குத் தூக்கம் வரவில்லை. கிழக்கு வெளுத்ததும் முள்மரங்களைத் தாண்டிப் பறந்தது. அழுங்கு அதே இடத்தில் சுருண்டு கிடந்தது.

“தங்கச்சி, எழுந்திரு. என்னோடு வா. நான் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அது நானும் குட்டிகளும் சும்மா கட்டிச் சொன்ன விலங்கு. நீ வந்து தண்ணீர் குடி.”

அழுங்கு மெல்லத் தன் உடம்பைப் பிரித்தது. நடுவில் குட்டி இருந்தது. அதன் செதில்கள் இன்னும் கெட்டிப்படவில்லை, புதுத் தளிர்போல வெளுத்திருந்தன. அது மூச்சுவிடவில்லை.

“நேற்றே உங்களுக்குத் தெரியுமா அக்கா?” என்று கேட்டது அழுங்கு.

ஆள்காட்டி தலை குனிந்தது.

“நான் அங்கே நின்று கெஞ்சினேனே, அப்போதே தெரியுமா?”

“தெரியும்.”

அழுங்கு திரும்பி உட்கார்ந்து மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது.

ஆள்காட்டி குளத்துக்குத் திரும்பி, எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை. காட்டெருதுகள் வழியைவிட்டு விலகின. காட்டுப்பன்றி, “ஒரு வார்த்தை, அக்கா. நேற்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றது.

வெயில் ஏறியபோது அழுங்கு வந்தது. அதன் வாலில் எதுவும் இல்லை. விலங்குகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. தண்ணீர் வரை வழி திறந்திருந்தது.

அழுங்கு அந்த வழியைப் பார்த்தது. தண்ணீரையும் பார்த்தது.

“இனி எனக்கு எதற்கு?” என்றது. கரையோரமாகவே நடந்து, கிழக்குச் சரிவில் ஏறிப் போய்விட்டது.

விளையாட்டாகச் சொன்ன ஒரு பொய் ஓர் உயிரின்மேல் விழும்போது, அது பொய் என்று தெரிந்தும் வாய்மூடி இருப்பவரே மற்ற எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளி.