தள்ளிவைத்தவர்

முதலில் கிரிக்கெட் இறுதிப் போட்டி என்றார்கள். இணைய நிறுவனத்தின் ரவுட்டர் மென்பொருளில் இருந்த பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் வேலை நின்றது. இரண்டாவது முறை பண்டிகைச் சலுகை என்றார்கள். மூன்றாவது முறை ஒரு மந்திரியின் காணொளித் திறப்புவிழா. பிறகு அந்த ஓட்டை வழியே எவனோ புகுந்தான்; பாதி ஊருக்கு இணையம் செத்தது. அதற்கும் பிறகு, அன்று பணியில் இருந்த வேலாயுதத்தை வேலையை விட்டு அனுப்பினார்கள். தள்ளிவைக்கச் சொன்னவர்களில் ஒருவரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேலாயுதத்தின் நாற்காலிக்கு ஜெபராஜ் வந்தார். அவருக்கு வேலை பழக்கியவர் மதுரவல்லி. வயதில் இளையவர், தொழிற்சங்கச் செயலாளர்.

மறுபடி அவசர எச்சரிக்கை வந்தது. புது ஓட்டை. இன்றே மென்பொருளை மாற்ற வேண்டும். மாற்றி முடிக்கும்வரை இணைப்பு நிற்கும்.

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம். இணைப்பை நிறுத்துமுன், எல்லாக் கிளைகளும் கேட்கும் தொலைபேசி அழைப்பில், நிறுத்துபவரின் பெயரை உரக்க வாசிப்பார்கள். கேட்டவர்கள் சாட்சி.

“நிறுத்தினா என் பேரு, மேடம்,” என்றார் ஜெபராஜ்.

“நிறுத்தாம விட்டு எவனாவது புகுந்தா?”

“அப்பவும் என் தலைதான். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. நான் தப்பிக்க என்னதான் வழி?”

“அழைப்பைப் போடுங்க.”

பொது மேலாளர் குற்றாலலிங்கமும் அழைப்பில் வந்தார்.

“இன்னைக்கு வேண்டாம்மா. வாடிக்கையாளருங்க கத்துவாங்க. அடுத்த வாரம் பாப்போம்.”

“போன தடவையும் அடுத்த வாரம்னுதான் சொன்னீங்க, சார். அந்த வாரம் இன்னும் வரல.”

“இது மேலிடத்து முடிவு.”

“மேலிடத்துக்கு இனிஷியல் என்ன, சார்?”

ஏதோ ஒரு கிளையில் யாரோ சிரித்தார்கள்.

“கிண்டல் வேண்டாம். நான் சொல்றேன், தள்ளிவைங்க.”

“சரி, சார். எல்லாக் கிளையும் கேக்குறீங்களா?”

“கேக்குறோம், மேடம்.”

ஜெபராஜ் மதுரவல்லியின் காதருகே குனிந்தார். “வேலை நடந்தாத்தானே பேர் வாசிப்போம்?”

“நடந்தா மட்டும் வாசிச்சதாலதான் வேலாயுதம் போனாரு.”

மதுரவல்லி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். வழக்கமாக வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

“இன்று வேலை நடக்கவில்லை. ஓட்டை திறந்திருக்கிறது. திறந்தே இருக்கட்டும் என்றவர், பொது மேலாளர் தி. குற்றாலலிங்கம்.”